வெட்டிவேரும் வாசனைத் திரவியமும்

வெட்டிவேர் என்பது ஒரு புல்லின் மணமுள்ள வேர். கோடைக்காலத்தில் குடிநீர்ப் பானையில் போடவும், தட்டியாகப் பின்னிச் சன்னலில் தொங்கவிடவும், விசிறி செய்யவும், பூச்சரத்தோடு சேர்த்துக் கட்டவும் தமிழ்நாட்டில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. இவ்வேரிலிருந்து வடிக்கப்படும் எண்ணெய் இன்று உலக வாசனைத் திரவியத் தொழிலின் முக்கிய மூலப்பொருள்களுள் ஒன்று. பாரிஸ் கடைகளில் விற்கும் பல குப்பிகளின் மேல் இந்த வேரின் பெயரே அச்சிடப்பட்டிருக்கிறது. அந்தப் பெயர் ஒரு தமிழ்ச் சொல்.

வெட்டிவேர் ஏன் மணக்கிறது, அம்மணம் ஏன் நீடிக்கிறது, அதைக் கொண்டு ஒரு வாசனைத் திரவியம் எவ்வாறு ஆக்கப்படுகிறது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. 2002ஆம் ஆண்டில் பிரான்சில் வெளியான ‘வெத்திவேர் எக்ஸ்த்ராஆர்டினேர்’ என்னும் வாசனைத் திரவியம் இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. மணங்களை அடுக்கிச் சேர்க்கும் அதே அறிவு தஞ்சை வட்டாரத்தில் முன்பே வழக்கில் இருந்ததற்கான சான்றுகளும் தரப்படுகின்றன.

பெயர்

வெட்டி எடுக்கப்படும் வேர் என்பது வெட்டிவேர் என்னும் சொல்லின் பொருள். இலை, பூ, காய் ஆகியவற்றைப் பறிக்கலாம். மண்ணுக்குள் ஆழமாக இறங்கிய வேரை வெட்டித்தான் எடுக்க வேண்டும். எனவே இப்பெயர் செடியின் தோற்றத்தைக் குறிக்கவில்லை. அறுவடை செய்யும் முறையைக் குறிக்கிறது. பயிரிட்டவர்கள் வைத்த பெயர் என்று இதிலிருந்தே உணரலாம்.

இச்சொல் முதலில் பிரெஞ்சு மொழிக்கும், அதன் வழியாக ஆங்கிலத்திற்கும் சென்றது. ஆங்கில அகராதிகள் இதன் மூலம் தமிழ் என்றே குறிப்பிடுகின்றன. பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியிலும், காவிரி டெல்டாவின் கடைமடையில் உள்ள காரைக்காலிலும் 1954 வரை ஆட்சி செய்தார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் இதில் வியப்பில்லை. பிரெஞ்சில் இச்சொல்லை ஏறத்தாழ ‘வெத்திவேர்’ என்று ஒலிப்பர். வட இந்தியாவில் இதற்குக் ‘கஸ்’ என்று பெயர்.

தாவரம்

வெட்டிவேரின் தாவரவியல் பெயர் கிரைசோபோகன் சிசானியாய்டிஸ். முன்பு வெட்டிவேரியா சிசானியாய்டிஸ் என்று வழங்கியது. நெல்லும் கரும்பும் சோளமும் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையோ அதே புல் குடும்பத்தைச் சேர்ந்தது இது. பார்வைக்கு வரப்பில் வளரும் சாதாரண உயரப் புல் போலவே இருக்கும். இலையைக் கசக்கினால் குறிப்பிடத்தக்க மணம் வராது. மணம் முழுவதும் வேரில் இருக்கிறது.

பெரும்பாலான புற்களின் வேர்கள் மேல்மண்ணில் பக்கவாட்டில் பரவும். வெட்டிவேரின் வேர்களோ நேராகக் கீழ்நோக்கி இறங்கும். நல்ல மண்ணில் 3 முதல் 4 மீட்டர் ஆழம் வரை செல்லக்கூடும். அடர்ந்த திரைபோல மண்ணைப் பிடித்துக்கொள்வதால் மண்ணரிப்பைத் தடுக்க இது சிறந்த தாவரமாகக் கருதப்படுகிறது. 1980களில் உலக வங்கியின் வேளாண் அலுவலர்களாக இந்தியாவில் பணியாற்றிய ரிச்சர்ட் கிரிம்ஷா, ஜான் கிரீன்ஃபீல்டு ஆகியோர் வரப்பு ஓரங்களிலும் சரிவுகளிலும் இதை வரிசையாக நடும் முறையை உலக அளவில் பரப்பினர்.

இத்தாவரத்தில் இரு பெரும் வகைகள் உள்ளன. வட இந்தியாவில் தானாக வளரும் வகை விதை விட்டுப் பரவும். தென்னிந்திய வகை முளைக்கும் விதை தருவதில்லை என்றே சொல்லலாம். தூரைப் பிரித்துத்தான் நட வேண்டும். களையாகப் பரவி வயலைக் கெடுக்காது என்பதால் இந்தத் தென்னிந்திய வகையே உலகின் பல நாடுகளுக்கும் கொண்டுசெல்லப்பட்டது.

ஒரே பெயரில் இரு வேர்கள்

மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி இங்கே உண்டு. தமிழ்நாட்டில் வெட்டிவேர் என்ற பெயரால் வழங்கும் மற்றொரு செடியும் இருக்கிறது. அது புல் அன்று; துளசி, கற்பூரவள்ளி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த சிறு செடி. குறுவேர் என்றும் சொல்வர். தாவரவியலாளர் கே. சி. ஜேக்கப் 1940களின் தொடக்கத்தில் இதற்குக் கோலியஸ் வெட்டிவெராய்டிஸ் என்று பெயரிட்டார். ‘வெட்டிவேரைப் போன்ற கோலியஸ்’ என்பது அதன் பொருள்.

வைக்கோல் நிறத்தில் மெல்லிய நார்க்கற்றை போல இருக்கும் இதன் வேர், பசுமையாக இருக்கும்போதே மணக்கும். தஞ்சாவூர், திருச்சி, திண்டுக்கல், மதுரை வட்டாரங்களில் இதைப் பயிரிட்டு வந்துள்ளனர். இறைவனுக்குச் சூட்டவும், பெண்கள் தலையில் வைத்துக்கொள்ளவும், சித்த, ஆயுர்வேத மருந்துகளில் சேர்க்கவும் பயன்படுகிறது. இச்செடி காட்டில் தானாக வளர்வதாக அறியப்படவில்லை. மனிதர் நட்டு வளர்த்தால்தான் உண்டு. எனவே உழவர்கள் பயிரிடுவதை நிறுத்தினால் அந்த இனமே மறையும் நிலை.

ஆகவே ஒரே பெயருடைய இரு வேர்களில் ஒன்று உலகமெங்கும் சென்றது. மற்றொன்று இங்கேயே தங்கிவிட்டது. இக்கட்டுரையில் இனி வெட்டிவேர் என்று சொல்வது முதலாவதாகிய புல்லின் வேரையே.

எண்ணெய் எடுக்கும் முறை

நட்ட ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டுக்குள் வேரைத் தோண்டுவார்கள். குறுவை நெல்லுக்கு மூன்றரை மாதம் போதும் என்பதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு நீண்ட காத்திருப்பு என்பது விளங்கும். தோண்டிய வேரை மண் போக அலசி, நிழலில் உலர்த்தி, சிறு துண்டுகளாக நறுக்கி, பெரிய கலனில் அடைத்து நீராவியைச் செலுத்துவார்கள். ஆவியோடு எண்ணெயும் சேர்ந்து வெளியேறும். அதைக் குளிர்வித்தால் நீரும் எண்ணெயும் தனித்தனியாகப் பிரியும்.

கேட்பதற்கு எளிதாகத் தோன்றினாலும் செய்வது கடினம். எலுமிச்சைப்புல் எண்ணெய் சில மணி நேரத்தில் வடிந்துவிடும். வெட்டிவேர் எண்ணெயின் மூலக்கூறுகள் கனமானவை; எளிதில் ஆவியாகா. எனவே 12 மணி நேரத்திற்குக் குறையாமல், சில இடங்களில் ஒரு பகல் ஓர் இரவுக்கும் மேலாக, அடுப்பு எரிய வேண்டும். நீரின் அடர்த்திக்கு நெருக்கமான அடர்த்தி கொண்டது என்பதால் எண்ணெய் நீரிலிருந்து பிரிவதும் மெதுவாகவே நடக்கும். இவ்வளவுக்குப் பிறகு 100 கிலோ உலர்ந்த வேரிலிருந்து கிடைப்பது பெரும்பாலும் 1 அல்லது 2 கிலோ எண்ணெய். கெட்டியாக, தேன் நிறத்திலோ பழுப்பு நிறத்திலோ இருக்கும்.

உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜ் நகரில் மரபு முறையில் செம்புக் கலன்களில் இவ்வெண்ணெயை வடிக்கிறார்கள். அங்கே இதற்கு ‘ரூஹ் கஸ்’ என்று பெயர். செம்பின் தொடர்பால் எண்ணெய் பச்சை நிறம் பெறுகிறது. கடைகளில் விற்கும் வெட்டிவேர் சர்பத்துக்குப் பச்சை வண்ணம் சேர்ப்பதை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். வேர் பச்சை நிறமுடையதன்று.

மணத்தின் இயல்பு

வெட்டிவேர் எண்ணெயில் நூற்றுக்கும் மேற்பட்ட சேர்மங்கள் உள்ளன. பெரும்பாலானவை 15 கார்பன் அணுக்களைக் கொண்ட செஸ்குவிடெர்பீன் வகையைச் சேர்ந்தவை. குசிமால், ஆல்ஃபா வெட்டிவோன், பீட்டா வெட்டிவோன் ஆகியவை முக்கியமானவை. வெட்டிவோன் என்ற பெயருக்குள்ளும் நம் சொல் இருப்பதைக் காணலாம்.

எண்ணெயில் அதிகம் இருக்கும் சேர்மமே அதன் மணத்துக்குக் காரணமாக இருக்க வேண்டும் என்று எண்ணத் தோன்றும். உண்மை அவ்வாறில்லை. ஜெர்மனியின் பெஞ்சமின் லிஸ்ட், நறுமண வேதியியலாளர் பிலிப் கிராஃப்ட் ஆகியோரின் குழு 2021இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. எண்ணெயில் மிகக் குறைந்த அளவே உள்ள ஒரு கீட்டோன்தான் வெட்டிவேர் என்று நம் மூக்கு அடையாளம் காணும் மணத்தைத் தருகிறது என்பதை, அம்மூலக்கூறை ஆய்வகத்தில் உருவாக்கிப் பார்த்து அக்குழு காட்டியது. அதே ஆண்டில் வேறு பணிக்காக வேதியியல் நோபல் பரிசு பெற்ற இருவருள் லிஸ்ட் ஒருவர். சோற்றுப் பானையில் ஒரு சிட்டிகை உப்பு செய்யும் வேலையை இந்தச் சேர்மம் செய்கிறது எனலாம். ஆனால் உப்பு மட்டும் சோறாகாது. ஏனைய சேர்மங்களும் சேர்ந்த முழு எண்ணெயை ஆலையில் மலிவாகச் செய்துவிட முடியாது. அதனால்தான் இன்றும் யாரோ ஒருவர் மண்ணைத் தோண்டி வேரை எடுக்க வேண்டியிருக்கிறது.

இம்மணத்தைச் சொற்களால் சொன்னால்: நனைந்த மண், உலர்ந்த மரம், சிறிது புகை, பம்ப்ளிமாஸ் தோலின் கசப்பு, ஈரத்தின் குளிர்ச்சி. விளையும் இடத்திற்கேற்ப இதுவும் மாறும். ஜாவாத் தீவின் எண்ணெயில் புகை மணம் மிகும். ஹெய்ட்டி எண்ணெய் தெளிவாகவும் மென்மையாகவும் இருக்கும். இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவின் எண்ணெய் நெடுங்காலம் உயர்ந்ததாக மதிக்கப்பட்டது. இப்போது அங்கு விளைச்சல் மிகக் குறைவு. உலகத் தேவையில் பாதிக்கு மேல் ஹெய்ட்டியிலிருந்தே கிடைக்கிறது.

மணம் ஏன் நீடிக்கிறது?

ஒரு மணத்தை நாம் உணர வேண்டுமானால் அதன் மூலக்கூறு ஆவியாகி மூக்கை அடைய வேண்டும். இலேசான மூலக்கூறு விரைந்து பறக்கும். கனமானது மெதுவாக எழும். ஆரஞ்சுத் தோலில் உள்ள லிமோனீனின் மூலக்கூறு எடை 136. வெட்டிவேரின் குசிமாலுக்கு 220. ஆரஞ்சுத் தோலை உரித்த கை சில நிமிடங்கள்தான் மணக்கும். வெட்டிவேர் எண்ணெயைத் தொட்ட தாள் பல நாள் மணக்கும்.

வாசனைத் திரவியம் ஆக்குவோர் இந்த வேறுபாட்டைக் கொண்டு மூன்று அடுக்குகளாகத் திட்டமிடுவர். பூசியவுடன் எழுவது மேல்மணம்: எலுமிச்சை வகைகள், ஏலம் போன்றவை. சில நிமிடங்கள் கழித்து வெளிப்பட்டு ஓரிரு மணி நேரம் நிற்பது நடுமணம்: பெரும்பாலும் பூக்கள். கடைசிவரை தோலில் தங்குவது அடிமணம்: சந்தனம், வெட்டிவேர், பிசின்கள். அடிமணம் தான் நீடிப்பதோடு, மேலே உள்ள இலேசான மணங்கள் பறந்துபோவதையும் ஓரளவு தாமதப்படுத்தும். மண்ணைப் பிடித்துவைக்கும் வேர், குப்பிக்குள் வந்த பிறகு பிற மணங்களைப் பிடித்துவைக்கிறது.

தஞ்சையில் மணச் சேர்க்கை

முதலாம் இராசராசன் 1010இல் கட்டி முடித்த தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் அன்றாட வழிபாட்டுக்கான செலவுகள் நுணுக்கமாகப் பதிவாகியுள்ளன. இறைவனின் திருமஞ்சன நீரில் இடுவதற்காக ஏலவரிசி, செண்பக மொட்டு, இலாமச்சம் வேர் ஆகியவற்றை வாங்க முதலீடு வைத்து, அதன் வட்டியிலிருந்து வழங்க ஏற்பாடு செய்ததும் அவற்றுள் ஒன்று. இலாமச்சம் என்பதைக் கல்வெட்டைப் பதிப்பித்த ஹுல்ச் வெட்டிவேர் என்று கொண்டார். சித்த மருத்துவ வழக்கில் விலாமிச்சை என்பது மேலே சொன்ன கோலியஸ் வகைச் செடியையும் குறிக்கும். எதுவாயினும் அது மணமுள்ள வேர் என்பதில் ஐயமில்லை.

இம்மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்ப்போம். ஏலம் உடனே மூக்கில் ஏறுவது. செண்பகம் நடுவில் நின்று கமழ்வது. வேர் கடைசிவரை தங்குவது. விதை, பூ, வேர் என்ற இந்தச் சேர்க்கை இன்றைய மூன்றடுக்கு முறையோடு அப்படியே பொருந்துகிறது. அன்றைய மக்களுக்கு மூலக்கூறு எடை தெரிந்திருந்தது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. நீரில் இட்டு, முகர்ந்து, எது எதனோடு சேரும் என்பதைப் பழக்கத்தால் அறிந்திருந்தார்கள் என்பதே பொருள்.

தஞ்சாவூர்க் கதம்பமும் இவ்வகையில் பார்க்கத்தக்கது. கதம்பம் என்றால் கலவை. மல்லிகை அல்லது முல்லை, சம்பங்கி, ரோஜா, கனகாம்பரம், மரு, மரிக்கொழுந்து, வெட்டிவேர் எனப் பருவத்திற்குக் கிடைப்பதை வாழைநாரில் நெருக்கித் தொடுப்பார்கள். கனகாம்பரத்திற்கு மணம் இல்லை, அது நிறத்திற்காக. மருவும் மரிக்கொழுந்தும் பச்சிலை மணம் தருகின்றன. மல்லிகை அந்தியில் மலர்ந்து கமழ்கிறது. மறுநாள் பூக்கள் வாடிய பிறகும் சரம் மணப்பதற்கு இலையும் வேருமே காரணம். மரிக்கொழுந்து எண்ணெயும் ‘தவனம்’ என்ற பெயரில் தென்னிந்தியாவிலிருந்து வெளிநாட்டு வாசனைத் திரவிய நிறுவனங்களுக்குச் செல்கிறது. ஆக, கதம்பம் கட்டும் கைகள் தொடும் பொருள்களில் பலவும் பாரிஸ் வாசனைக் கலைஞரின் மேசையிலும் இருக்கின்றன.

பிரான்சில் வெட்டிவேர்

வெட்டிவேர் நெடுங்காலம் பெரும்பாலும் பிற மணங்களுக்கு அடித்தளமாகப் பயன்பட்டது. 1957இல் கார்வென் நிறுவனம் ‘வெத்திவேர்’ என்ற பெயரிலேயே ஒன்றை வெளியிட்டது. 1959இல் ஜிவான்ஷி நிறுவனம் அப்பெயரில் மற்றொன்றை வெளியிட்டது. அதே காலப் பகுதியில் கெர்லான் நிறுவனத்தின் இளம் வாசனைக் கலைஞர் ழான்-பால் கெர்லான் எலுமிச்சை வகைகளையும் புகையிலை மணத்தையும் சேர்த்து ஆக்கிய ‘வெத்திவேர்’ மிகவும் புகழ்பெற்றது. இன்றும் விற்பனையில் உள்ளது. இவற்றால் வெட்டிவேர் என்பது ஐரோப்பாவில் ஆடவருக்குரிய, தூய்மையான, குளிர்ந்த மணம் என்று பெயர் பெற்றது. நம் ஊரில் பெண்கள் தலையில் சூடும் வேர் அங்கே ஆண்களின் மணமானது. மணத்திற்கு ஆண், பெண் என்ற பால் வேறுபாடு இயற்கையில் இல்லை, வழக்கத்தால் வருவது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

வெத்திவேர் எக்ஸ்த்ராஆர்டினேர்

ஃபிரெடெரிக் மால் என்பவர் 2000ஆம் ஆண்டில் பாரிஸில் ஒரு வாசனைத் திரவிய நிறுவனத்தைத் தொடங்கினார். இவருடைய தாய்வழிப் பாட்டனார் செர்ழ் எஃப்ட்லெர்-லூயிஷ், கிறிஸ்தியன் தியோர் வாசனைத் திரவிய நிறுவனத்தை நிறுவியவர். பெரிய நிறுவனங்களின் குப்பிகளில் ஆடை வடிவமைப்பாளரின் பெயர் இருக்கும். மணத்தை ஆக்கியவரின் பெயர் இராது. மால் இதை மாற்றினார். தம்மை ஒரு பதிப்பாளராகவும், வாசனைக் கலைஞர்களை நூலாசிரியர்களாகவும் கருதி, குப்பியின் மேல் ஆக்கியவர் பெயரை அச்சிட்டார். இவ்வாறு பெருஞ்சந்தைக்காக அன்றிச் சிறு எண்ணிக்கையிலான ஆர்வலர்களுக்காக ஆக்கப்படுபவற்றை ‘நீஷ்’ வாசனைத் திரவியங்கள் என்பர். சிறு பத்திரிகைக்கும் வணிகப் பத்திரிகைக்கும் உள்ள வேறுபாட்டை இதற்கு ஒப்பிடலாம்.

இந்நிறுவனத்திற்காக டொமினிக் ரோபியோன் என்னும் கலைஞர் ஆக்கி 2002இல் வெளிவந்தது ‘வெத்திவேர் எக்ஸ்த்ராஆர்டினேர்’. ‘அசாதாரண வெட்டிவேர்’ என்பது இதன் பொருள். இதன் ஆக்கத்தில் இரு செய்திகள் முக்கியமானவை.

முதலாவது அளவு. இதில் வெட்டிவேர் எண்ணெய் 25 விழுக்காடு சேர்க்கப்பட்டுள்ளது என்று நிறுவனம் கூறுகிறது. வழக்கமான வாசனைத் திரவியங்களில் இவ்வளவு சேர்ப்பதில்லை. அளவு மிகுந்தால் கசப்பும் சேற்று மணமும் ஓங்கிவிடும்.

இரண்டாவது தூய்மை. அந்தக் குறையைத் தவிர்க்க, ஹெய்ட்டி எண்ணெயை மீண்டும் பகுதி பகுதியாக வடித்து, கடுமையான மணம் தரும் பகுதிகளை நீக்கிய எண்ணெயை ரோபியோன் பயன்படுத்தினார். நெல்லைத் தீட்டித் தவிடு நீக்குவது போன்ற வேலை இது. எவ்வளவு தீட்டுவது என்பதில்தான் திறமை இருக்கிறது. அதிகம் தீட்டினால் மண்மணமே போய்விடும்.

இதன் குணத்தை மூன்று அடுக்குகளாகச் சொல்லலாம். தொடக்கத்தில் கசப்பு ஆரஞ்சும் பெர்கமாட்டும் இளஞ்சிவப்பு மிளகும் வேரின் இயல்பான கசப்பை எடுத்துக்காட்டுகின்றன. இவை சில நிமிடங்களில் விலகிவிடும். நடுவில் பூக்கள் முதன்மை பெறுவதில்லை. வேரே முன்னால் வந்து நிற்கிறது. கீழே சந்தனம், செடார் மரம், கஸ்தூரி வகை மணங்கள் ஆகியவை அதைத் தாங்குகின்றன. இனிப்பு குறைவு. கேட்டவுடன் மயக்கும் மணமாக இல்லாமல், நேரம் செல்லச் செல்லப் பிடிபடும் மணமாக இது ஆக்கப்பட்டிருக்கிறது. அடித்தளமாக மறைந்திருந்த ஒன்றை வீட்டின் முகப்புக்குக் கொண்டுவந்ததே இதன் புதுமை.

ஒரே வேர் எவ்வளவு வேறுபட்ட குணம் கொள்ளும் என்பதை அறிய, லலீக் நிறுவனத்துக்காக நதாலி லோர்சன் 2006இல் ஆக்கிய ‘ஆங்க்ர் நுவார்’ என்பதோடு ஒப்பிடலாம். ‘கறுப்பு மை’ என்று பொருள். அதில் வெட்டிவேரோடு சைப்ரஸ் மரத்தின் மணம் சேர்ந்து, நிழலடர்ந்த ஈரக்காட்டின் உணர்வு தோன்றுகிறது. அதில் இருள் என்றால் இதில் வெளிச்சம்.

2014இல் மால் நிறுவனத்தை வாங்குவதாக அமெரிக்காவின் எஸ்டீ லாடர் நிறுவனம் அறிவித்தது. சிறிய நீஷ் நிறுவனங்கள் புகழ்பெற்றதும் பெருநிறுவனங்களின் கைக்குச் செல்வது இத்துறையில் வழக்கமாகிவிட்டது.

மண்ணும் உழைப்பும்

குப்பியின் மேல் கலைஞரின் பெயர் வந்தது நியாயமான மாற்றம். ஆனால் மணத்தின் பெரும்பகுதி அவர் கைக்கு வருமுன்பே தீர்மானமாகிவிடுகிறது. எந்த மண், எத்தனை மாத வேர், எவ்வளவு நேரம் அடுப்பு எரிந்தது என்பவையே எண்ணெயின் தரத்தை முடிவு செய்கின்றன. வேரைத் தோண்டியவரின் பெயரோ ஊரின் பெயரோ பெரும்பாலும் எங்கும் இருப்பதில்லை.

ஹெய்ட்டியின் தெற்குப் பகுதியில் லே காய் நகரைச் சுற்றியுள்ள சரிவுகளில் சிறு உழவர்கள் வெட்டிவேர் பயிரிடுகிறார்கள். கையில் பணமில்லாத போது வேர் முற்றுமுன்பே தோண்டி விற்க நேர்கிறது. இளம் வேரில் எண்ணெய் குறைவு, தரமும் குறைவு, விலையும் குறையும். மேலும் நின்றால் மண்ணைக் காக்கும் இந்தப் புல், தோண்டப்படும்போது சரிவின் மண்ணைத் தளர்த்திவிடுகிறது. அடுத்த மழையில் அம்மண் கரைந்து ஓடுகிறது. மண்ணரிப்பைத் தடுக்கும் வெட்டிவேரும் எண்ணெய் தரும் வெட்டிவேரும் ஒரே புல்தான். நிற்கவிடுவதா, தோண்டுவதா என்பதே வேறுபாடு. இதற்காகவே, ஒரு வரிசையைத் தோண்டாமல் நிறுத்தி மற்றதைத் தோண்டுதல், தோண்டியவுடன் தூரைப் பிரித்து மீண்டும் நடுதல் போன்ற முறைகள் பரிந்துரைக்கப்படுகின்றன.

காவிரி டெல்டாவில்

டெல்டாவின் பெரும்பகுதி களிமண் நிலம். நெல்லுக்கு ஏற்ற இம்மண்ணில் வெட்டிவேர் வளரும். ஆனால் தோண்டி எடுப்பது மிகக் கடினம், வேரும் அறுந்துபோகும். ஆகவே எண்ணெய்க்காகப் பயிரிட மணல் கலந்த நிலமே வேண்டும். ஆற்றோரப் படுகைகளும் கடலோர மணற்பாங்கான ஊர்களும் இதற்குப் பொருந்தும். டெல்டாவுக்கு வடக்கே கடலூர் மாவட்டத்தின் கடலோரத்தில் நொச்சிக்காடு உள்ளிட்ட ஊர்களில் வெட்டிவேர் சாகுபடி நடைபெறுகிறது. லக்னோவில் உள்ள மத்திய மருத்துவ, நறுமணத் தாவர ஆய்வு நிறுவனம் தாரிணி, குலாபி, கேசரி முதலிய ரகங்களை வெளியிட்டுள்ளது. அறிவியல், தொழில் ஆராய்ச்சிக் குழு 2017இல் தொடங்கிய நறுமணத் திட்டத்திலும் வெட்டிவேர் இடம்பெற்றுள்ளது.

களிமண் பகுதியில் இதன் பயன் வேறு. வாய்க்கால் கரை, குளக்கரை, ஆற்றுக்கரை ஆகியவற்றில் நெருக்கமாக நட்டுத் தோண்டாமல் விட்டால் கரை சரியாமல் காக்கும். வெள்ளம் வடிந்த பிறகு கரை உடைப்பைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

வேராக விற்பதைவிட எண்ணெயாக விற்பதில் வருவாய் அதிகம். எண்ணெயைவிட வாசனைத் திரவியமாக விற்பதில் மிக அதிகம். தமிழ்நாட்டில் வேர் உண்டு, பெயர் உண்டு, மணங்களைச் சேர்க்கும் பழக்கமும் உண்டு. வடிகலனும் தரப் பரிசோதனைக் கூடமும் சாகுபடி நடக்கும் ஊர்களுக்கு அருகில் அமைந்தால், மதிப்பின் ஒரு பகுதியாவது உழவரிடம் தங்கும். ஃபிரெடெரிக் மால் கலைஞரின் பெயரை அச்சிட்டது போல, விளைந்த ஊரின் பெயரையும் குப்பியில் அச்சிடும் நிறுவனங்கள் நம்மிடையே தோன்ற வேண்டும்.

செய்து பார்க்க

மணம் அடுக்கடுக்காக விலகுவதை மாணவர்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு புதிய மண்பானையில் நல்ல தண்ணீர் ஊற்றி, தட்டிய ஏலக்காய் இரண்டு, ஒரு செண்பகப் பூ அல்லது ஒரு பிடி மல்லிகை மொட்டு, கழுவிய வெட்டிவேர் ஒரு சிறு கட்டு ஆகியவற்றை மாலையில் போட்டு மூடிவைக்கவும். ஒரு மணி நேரம் கழித்தும், இரவு உறங்கும் முன்பும், மறுநாள் காலையிலும், மாலையிலும் மூடியைத் திறந்து முகர்ந்து, எந்த மணம் முன்னால் வருகிறது என்பதைக் குறிப்பேட்டில் எழுதவும். இந்நீரைக் குடிக்க வேண்டாம், சோதனைக்கு மட்டுமே. மறுநாள் மாலையில் பூவையும் ஏலத்தையும் எடுத்து எறிந்துவிட்டு, வேரை மட்டும் நிழலில் உலர்த்தி வைக்கவும். ஒரு வாரம் கழித்து அதன்மேல் சிறிது நீர் தெளித்து மீண்டும் முகர்ந்து பார்த்து, முன்பு எழுதிய குறிப்போடு ஒப்பிடவும்.